ரெண்டாயிரம் ரூபாய்க்கு ‘சரிபண்ணி’த் தரச் சொல்லும் காபிப் படம்

கேள்வி: எனக்கு வயது 26. சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். ஆறு வருடமாக வாட்டர் கலரும், இரண்டு வருடமாக டேப்லெட்டிலும் வரைகிறேன். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர் 250 கிராம் காபிப்பொடி பாக்கெட்டுக்குப் படம் கேட்டார். 8,000 ரூபாய் சொன்னேன். மறுநாள் ஏஐ போட்ட நாலு படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இதையே கொஞ்சம் சரிபண்ணிக் குடும்மா, ரெண்டாயிரம் தர்றேன்” என்கிறார். என் ஓவிய வாத்தியார், “டேப்லெட்டும் ஏஐயும் ஒண்ணுதான், ரெண்டுமே மெஷின் போடுற படம்” என்கிறார். அண்ணனோ, “பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுட்டு ஏஐ கத்துக்கோ” என்கிறான். இதற்கிடையில் நான் டேப்லெட்டில் வரைந்த ஏற்காடு ஏரிப் படத்தைப் பார்த்தவர்கள் “ஏஐ தானே?” என்று கேட்டுவிட்டார்கள். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ரெண்டாயிரம் ரூபாய் வேலை. முடியாது என்று சொல்லிவிடுங்கள். ரோஷத்துக்காகச் சொல்லவில்லை, கணக்கு இடிக்கிறது. ஏஐ படத்தை அச்சுக்குப் போகிற பதத்துக்குக் கொண்டுவருவது, புதிதாக வரைவதைவிட நீளமான வேலை. அதைக் கால் விலைக்குக் கேட்கிறார். இது அவருக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நாலு படங்களையும் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கி, முதலில் பழத்தைப் பாருங்கள். காபிச் செடியில் இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும். விளிம்பு லேசாக அலையடிக்கும். பழங்கள் இலைக்கணுவை ஒட்டி, காம்பு இருப்பதே தெரியாமல் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். ஏஐ படங்களிலோ அவை நீளக் காம்பில் தொங்குவதும் திராட்சைக் குலை மாதிரி சரிவதும் சகஜம். இந்த மென்பொருள்கள் படத்தையும் அதன் பக்கத்தில் இருக்கும் விளக்க வரியையும் ஜோடி ஜோடியாகப் பார்த்துப் பழகியவை. 2022 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ மென்பொருளைப் பழக்கியது லயன்-5பி என்ற தொகுப்பிலிருந்து. அதில் சுமார் 585 கோடி ஜோடிகள் இருந்தன, அவற்றில் ஏறக்குறைய 230 கோடிக்கு ஆங்கில வரிகள். ஆங்கிலத்தில் காபிப் பழத்துக்குப் பெயரே ‘காபி செர்ரி’. செர்ரி என்ற சொல் கூடவே செர்ரிக் காம்பையும் இழுத்து வந்தால் ஆச்சரியமில்லை.

அடுத்தது பின்னணி. காபித் தோட்டம் கேட்டால் திறந்த மலைச்சரிவில் வரிசை வரிசையாக வெட்டிவிட்ட புதர்கள் வருகிறதா? அது தேயிலைத் தோட்டம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி நிழலில் வளர்கிறது. மேலே சில்வர் ஓக், அதைச் சுற்றி ஏறும் மிளகுக் கொடி, கீழே காபி. பாக்கெட்டை வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி அதை நேரில் பார்த்தவர்களாக இருப்பார்கள். தோட்டக்காரரே இதைக் கவனிக்கவில்லை என்றால், செல்போன் திரையில் பார்த்ததுதான் காரணம்.

மூன்றாவது அளவு. பாக்கெட்டின் முன்பக்கம் 10 × 14 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு ஓரம் சேர்த்தால் 10.6 × 14.6 செ.மீ. அதை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 1252 × 1724 பிக்சல் தேவை. பல ஏஐ கருவிகள் தருவது 1024 × 1024. அது 300 டிபிஐ-யில் எட்டே முக்கால் செ.மீ. கூட வராது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் நசுங்கும். பெரிதாக்கும் மென்பொருளில் போட்டால், இல்லாத விவரத்தை அது தானாக இட்டுக்கட்டும். இலை நரம்பு பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும்.

உண்மையான தலைவலி நாலாவதுதான்: லேயர், அதாவது படத்தின் தனித்தனி அடுக்கு. ஏஐ தருவது பெரும்பாலும் ஒரே தட்டையான படம். பழம் தனி, இலை தனி, பின்னணி தனி என்று பிரியாது. பழுப்பு கிராஃப்ட் பேப்பர் பையில் அச்சிட்டால் காகிதம் வண்ணத்தை உறிஞ்சும், சிவப்பு செங்கல் நிறமாக மங்கும். அதனால் எந்த இடத்தில் அடியில் வெள்ளை மை விழ வேண்டும் என்று தனி லேயர் கொடுக்க வேண்டும். வெள்ளிப் பளபளப்புப் பையிலும் இதே கதைதான். தட்டையான படத்திலிருந்து அந்த லேயரை எடுக்க ஒவ்வொரு இலையின் விளிம்பையும் நீங்களே கையால் வெட்டியாக வேண்டும். கடைசியில் பழத்தைத் திருத்தி, இலையைத் திருத்தி, பின்னணியை மாற்றி, விளிம்பை வெட்டி முடிக்கும்போது படம் முழுக்க நீங்கள் வரைந்ததாக இருக்கும், கூலி மட்டும் 2,000. படத்துக்குள் ஏஐ எழுதிய தமிழ் எழுத்து இருந்தால் கேட்கவே வேண்டாம், பல சமயம் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும்.

இதையெல்லாம் அவரிடம் பிரசங்கமாகச் சொல்ல வேண்டாம். கலை, ஆன்மா என்ற பேச்சும் வேண்டாம். போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். பை எந்தப் பொருளில்? எத்தனை பை? எப்படி அச்சிடப் போகிறார்? ஐந்நூறு பைக்கு டிஜிட்டல் பிரின்ட்டில் ஸ்டிக்கர் அடித்து ஒட்டினால் போதும், எத்தனை வண்ணமும் இருக்கலாம். ஆயிரக்கணக்கில் கிராவியூர் என்ற உருளை அச்சில் போனால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி உருளை செதுக்க வேண்டும். வண்ணம் குறைந்தால் உருளை குறையும், உருளை குறைந்தால் அவர் செலவு குறையும். இங்கேதான் உங்கள் கைவேலை அவருக்கு லாபம் தருகிறது. கறுப்புக் கோடும் இரண்டு தட்டை வண்ணமுமாக மூன்றே நிறத்தில் அழகான காபிக் கிளை வரையலாம். நூற்றுக்கணக்கான சாயல்கள் குழையும் ஏஐ படத்தை மூன்று நிறத்துக்கு இறக்கினால் திட்டுத் திட்டாக நிற்கும்.

வரையும் முறை இப்படி இருக்கட்டும். வழவழப்பான தாளில், பாக்கெட் அளவைப் போல ஒன்றரை மடங்கு பெரிதாகப் பென்சில் படம். நீரில் கரையாத மைப் பேனாவில் 0.5 முனை வெளிக்கோட்டுக்கு, 0.3 முனை நரம்புக்கு. இதைவிட மெல்லிய கோடு சிறிதாக்கும்போது அறுந்துபோகும். மை காய்ந்தபின் ஸ்கேனரில் 600 டிபிஐ, கிரேஸ்கேல். செல்போனில் படம் எடுக்காதீர்கள். ஓரம் வளையும், கோடு சாம்பலாகும், அச்சில் அந்தச் சாம்பல் புள்ளி புள்ளியாக உடைந்து கோடு மயிர்பிடித்த மாதிரி தெரியும். ஸ்கேனை கிரிட்டாவில் திறந்து (இலவச மென்பொருள், அச்சுக்கான நாலு மை வண்ண முறையான சிஎம்ஒய்கே-யும் உண்டு) கோட்டை மேல் லேயரில், அடி நிறம் தெரியும்படியான ‘மல்டிப்ளை’ முறையில் வைத்து, அடியில் ஒவ்வொரு நிறத்தையும் தனி லேயரில் நிரப்புங்கள். நிறம் கோட்டுக்கு அடியில் கால் மி.மீ. அளவாவது உள்ளே போகட்டும். கோட்டோடு நிறுத்தினால், அச்சில் தகடு இம்மி நகர்ந்தாலும் வெள்ளைக் கீற்று எட்டிப் பார்க்கும். கறுப்புக் கோடு, கறுப்பு எழுத்து இரண்டும் கறுப்பு மையில் மட்டும் விழ வேண்டும். நாலு மையும் கலந்த கறுப்பில் விட்டால் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் வரும். எழுத்துகளைக் கோரல் டிரா மென்பொருளில் வைத்து, அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ‘கர்வ்ஸ்’, அதாவது வெறும் கோட்டு வடிவம் ஆக்கிவிடுங்கள். அங்கே உங்கள் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் எல்லாம் கட்டம் கட்டமாக வரும்.

பின்பக்கத்தில் படம் போட ஆசைப்படாதீர்கள். நிகர எடை, விலை, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி, பேட்ச் எண், தேதி, முகவரி எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். சிக்கரி கலந்த பொடி என்றால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்பதும் பாக்கெட்டில் இருந்தாக வேண்டும்.

விலையில் 8,000-ஐ விட்டு இறங்காதீர்கள். பென்சில் படத்தோடு 3,000, மைக்கோடு முடிந்ததும் 3,000, கடைசிக் கோப்பு தரும்போது 2,000 எனப் பிரித்துக் கேளுங்கள். இரண்டு முறை திருத்தம் இதில் அடக்கம், மூன்றாவதுக்குத் தனிக் காசு. அவரால் முடியாது என்றால் கூலியைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். மலை வேண்டாம், மரம் வேண்டாம், ஒரே கிளை, ஒரே நிறம், 4,500.

அவருக்கு உறைக்கும்படி சொல்ல ஒரு சட்ட விஷயமும் இருக்கிறது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் சேர்த்த வரி ஒன்று, கணினி உருவாக்கும் படைப்புக்கு ‘அதை உருவாகச் செய்தவரே’ ஆசிரியர் என்கிறது. இன்றைய ஏஐ வருவதற்கு வெகு முன்னால் எழுதிய வரி. 2020-இல் ‘ராகவ்’ என்ற ஏஐ கருவியை இணை ஆசிரியராகக் காட்டி ஒரு படம் இங்கே பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவானது. அடுத்த வருடமே பதிவைத் திரும்பப் பெறுவதாக அதே அலுவலகம் நோட்டீஸ் அனுப்பியது. அமெரிக்காவில் 2023-இல் ஒரு படக்கதைப் புத்தகத்துக்கு, எழுத்துக்கும் அடுக்கிய விதத்துக்கும் உரிமை தந்துவிட்டு, மிட்ஜர்னி என்ற ஏஐ கருவி போட்ட படங்களுக்கு மறுத்துவிட்டார்கள். ஆக, அவர் அனுப்பிய படத்தைப் போலவே நாளை பக்கத்து எஸ்டேட்காரரும் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தால், தடுக்கத் திடமான பிடி இல்லை.

உங்கள் பக்கமும் ஒரு பள்ளம் உண்டு. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு வரையும் ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கேட்டவரே முதல் உரிமையாளர் என்கிறது அதே சட்டத்தின் 17-வது பிரிவு. ஆகவே கொட்டேஷனிலேயே எழுதுங்கள்: ‘250 கிராம் பாக்கெட்டுக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டும் உரிமை. மூலப்படம் ஓவியரிடமே இருக்கும்.’ இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ என்பதோடு நிறுத்த வேண்டாம்.

வாத்தியார் விஷயத்துக்கு வருவோம். டேப்லெட்டில் கை நகராமல் ஒரு கோடு விழாது. அழுத்தினால் தடிக்கும், தளர்த்தினால் மெலியும். லேயரும் அன்டூவும் வசதிகள், அவ்வளவுதான். ஏஐயில் பெரும்பாலும் படம் வெறும் இரைச்சல் புள்ளிகளில் தொடங்கி, சொன்ன வார்த்தையை நோக்கிப் படிப்படியாகத் தெளிகிறது. எந்த இலை எங்கே வளைய வேண்டும் என்பதை எந்தக் கையும் முடிவு செய்வதில்லை. இரண்டும் ஒன்று என்றால், மைப்பேனாவும் வாடகைக்கு எழுதுபவரும் ஒன்று என்பது போலாகிவிடும். இதை அவரிடம் வாதாடி நிரூபிக்க வேண்டாம். டேப்லெட்டை அவர் கையில் கொடுத்து ஒரு மாங்கொத்து வரையச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் அவரே பேச ஆரம்பிப்பார்.

ஏஐயை அவர் திருட்டு என்று நினைத்தால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அது படங்களை வெட்டி ஒட்டுவதில்லை, உண்மைதான். ஆனால் பழக்குவதற்கு எடுத்த படங்களுக்கு ஓவியர்களிடம் யாரும் கேட்கவில்லை. சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்டிஸ் ஆகிய மூன்று ஓவியர்களும் 2023 ஜனவரியில் அமெரிக்காவில் வழக்குப் போட்டது இதற்குத்தான். “கேமரா வந்தபோதும் இப்படித்தான் புலம்பினார்கள்” என்பார் உங்கள் அண்ணன். கேமரா வேலை செய்ய மற்ற ஓவியர்களின் படங்கள் தேவைப்படவில்லை.

அண்ணன் சொல்வதில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டம் எப்படிப் பிரிக்கலாம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரலாம் என்று வேகமாகப் பத்து யோசனை பார்க்க ஏஐ உதவும். அதற்குமேல் அந்தப் படத்தின் மீது தாள் வைத்து வரையாதீர்கள், செடிக்கு அதை மாதிரியாக வைக்காதீர்கள், பயன்படுத்தியிருந்தால் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

“ஏஐ தானே?” என்ற கேள்வி இனி நிற்காது. 2022-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், டிஜிட்டல் பிரிவிலேயே ஒரு மிட்ஜர்னி படம் முதல் பரிசு வாங்கியது. அந்தப் பழி இன்று டேப்லெட்டில் வரைகிற எல்லோர் தலையிலும் விழுகிறது. ‘ஏஐ கண்டுபிடிப்பான்’ என்று வரும் இணையதளங்களில் உங்கள் படத்தைப் போட்டு நிரூபிக்கப் பார்க்காதீர்கள். அவை கைப்படத்தையும் ஏஐ என்று சொல்லும். கிரிட்டாவில், வரைவதைப் பதிவு செய்யும் ரெக்கார்டரை ஆரம்பத்திலேயே ஓட விடுங்கள். புரொகிரியேட் செயலி என்றால் டைம்லாப்ஸ் (வரைந்ததை வேகமாக ஓட்டிக் காட்டும் வீடியோ) தானாகவே பதிவாகும், அணைத்து வைக்காமல் இருந்தால் போதும். லேயர் உள்ள மூலக் கோப்பும், ஏரிக்கரையில் போட்ட பென்சில் குறிப்பும் பத்திரமாக இருக்கட்டும். முப்பது விநாடி வீடியோ காட்டினால் கேள்வி முடிந்தது. இணையத்தில் போடும் படம் ஆயிரம் பிக்சலுக்கு மேல் வேண்டாம். சிகாகோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் கிளேஸ் என்ற மென்பொருள், உங்கள் பாணியை ஏஐ பழகுவதைக் கடினமாக்கும். மென்மையான வாட்டர் கலரில் அது லேசான திட்டு விடும், முழுப் பாதுகாப்பும் இல்லை. போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாட்டர் கலர் மூலப்படங்களை ஏற்காட்டுக் கடைகளில் விற்கும் எண்ணம் இருந்தால், கண்ணாடியில் தாள் ஒட்டாதபடி நடுவே மவுன்ட் போர்டு கொடுத்து பிரேம் போடுங்கள். அங்கத்திய பனிமூட்டத்தில் ஒட்டிய தாளில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

தோட்டக்காரர் சம்மதித்தால் இன்னொன்றும் கேளுங்கள். பழமும் காயும் கலந்த ஒரு முழங் கிளையை, அடியை ஈரத்துணியில் சுற்றி, கீழே வரும் பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். தளிர் சில ரகத்தில் பச்சை, சில ரகத்தில் செம்பு நிறம். அவர் தோட்டத்து ரகம் எது என்று கேட்டு, அதைத்தான் வரைய வேண்டும். வந்ததும் தண்ணீரில் வைத்து, நிறத்தை அன்றே குறித்துவிடுங்கள். மறுநாள் இலை சுருண்டுவிடும்.