சுவரோரத்து மித்ரன்

கேள்வி: இங்கிலாந்தில் ரோமானியப் படைவீரர்கள் மித்ரனுக்குக் கோயில் கட்டியிருந்தார்களாமே, அது நம் வேதத்தில் வருகிற மித்திரனேதானா? அங்கே காளையை வெட்டிப் பலி கொடுத்தார்கள் என்பதும் உண்மையா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: பெயருக்கு வேர் ஒன்றுதான், கும்பிட்ட விதம் வேறு. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் மித்தானி அரசர் (இன்றைய வட சிரியா வட்டாரத்தை ஆண்டவர்) ஹிட்டைட்டுகளோடு (இன்றைய துருக்கியை ஆண்டவர்கள்) செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே மித்ரன், வருணன், இந்திரன் மூவரையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். ரிக் வேதத்திலும் பாரசீகத்திலும் அதே பெயர் உண்டு. ஆனால் குகைக்குள் காளையைக் குத்துகிற இளைஞன், அடியார்களுக்குக் காகம் என்ற பட்டத்தில் தொடங்கித் தந்தை என்ற பட்டத்தில் முடிகிற ஏழு படிநிலைகள், ஆண்களுக்கு மட்டுமே அனுமதி, இதெல்லாம் ரோமானியர் காலத்தில் உருவெடுத்த வழிபாடு, அதனால் 'நம்ம மித்திரன்தான் அங்கே போனார்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் படித்தது அநேகமாக, வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரை ஒட்டியிருக்கும் கேரோபரோ கோட்டையின் கோயிலைப் பற்றியதாக இருக்கும். 1949-இல் கோடை கடுமையாகக் காய்ந்ததில் சதுப்பு மண் சுருங்கி, பலிபீடங்களின் தலை மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. மறு வருடமே தோண்டினார்கள். ஈரமண் மூடிக் கிடந்ததால், மற்ற இடங்களில் மக்கிப்போயிருக்கும் மரமும் பின்னிய தட்டியும்கூட இங்கே தப்பியிருந்தன! கி.பி. 200-ஐ ஒட்டிக் கட்டிய சின்னக் கட்டடம், நடுவில் நடைபாதை, இருபுறமும் திண்ணை, கடைசியில் மூன்று பலிபீடங்கள். மூன்றையும் நிறுவியவர்கள் அங்கே வெவ்வேறு காலத்தில் தலைமை வகித்த படைத்தலைவர்கள். படையின் பெயரோ முதலாம் பத்தாவியர் படை, ரைன் நதி முகத்துவாரத்து மக்களின் பெயர் அது. ஆக பாரசீகப் பெயர் கொண்ட தெய்வத்தை, ரைன் கரைப் பெயர் கொண்ட படை, ரோமானியப் பிரிட்டனின் வட எல்லைக் குளிரில் உட்கார்ந்து கும்பிட்டிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் படைத்தலைவர்களில் ஒருவரான மார்கஸ் சிம்ப்ளிசியஸ் சிம்ப்ளெக்ஸ் வைத்த பலிபீடம். மித்ரனின் தலையைச் சுற்றியுள்ள கதிர்களை ஓட்டை போட்டுக் குடைந்து, பின்னால் விளக்கு வைக்கக் குழி விட்டிருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத இருட்டில் அந்த விளக்கை ஏற்றினால் தெய்வத்தின் தலையிலிருந்து ஒளி பாயும். நம் ஊர்க் கருவறையில் தீபாராதனை காட்டும்போது முகம் சட்டென்று தெரியுமே, அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கல்லை விளக்கவே வேண்டாம். சாம்பிராணி போல அவர்கள் பைன் காய்களை எரித்திருக்கிறார்கள், கரியாகிப்போன காய்களும் கிடைத்தன.

சரி, காளைக்கு வருவோம். அவ்வளவு சின்ன அறைக்குள் ஒரு காளையைக் கொண்டுவந்து வெட்டுவது நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை. கிடைத்த எலும்புகளில் கோழி உண்டு, கூடி உட்கார்ந்து விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். காளைப் பலி சிற்பத்தில் நடப்பது, அந்தச் சிற்பமும் இங்கே உடைந்து ஒரு துண்டுதான் மிஞ்சியது.

நேரில் போகிற வாய்ப்பு யாருக்காவது இருந்தால் ஒன்று மட்டும் சொல்கிறேன்: வெட்டவெளியில் இப்போது நிற்பவை நகல்கள், அசல் பலிபீடங்கள் நியூகாசில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முதலில் அங்கே போய் அந்தக் கதிர் ஓட்டைகளைப் பார்த்துவிட்டு அப்புறம் கோட்டைக்குப் போங்கள்.