ராஜினாமா கடிதம் எழுதும் முன்...

கேள்வி: பொதுத்துறை வங்கியில் கிளை மேலாளராக இருக்கிறேன். 18 வருட சர்வீஸ். இன்சூரன்ஸ் டார்கெட், வாராக்கடன் வசூல், இரவு ஒன்பது மணிக்கு வீடியோ மீட்டிங் என்று தூக்கமே போய்விட்டது. ராஜினாமா செய்துவிடலாமா? மனநல மருத்துவரிடம் போனால் வேலையில் பிரச்சினை வருமா?

பதில்: ராஜினாமா வேண்டாம் சார். 1995-ஆம் ஆண்டு வங்கி ஊழியர் பென்ஷன் விதிகளின்படி, ராஜினாமா செய்தால் இத்தனை வருட சர்வீஸும் அடிபட்டுப் போகும், பென்ஷன் கிடையாது. 20 வருடம் முடித்து, மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போனால் பென்ஷன் உண்டு.

இது 1-4-2010-க்கு முன் சேர்ந்தவர்களுக்கு. அதன் பிறகு சேர்ந்தவர்களுக்கு என்.பி.எஸ். எனும் தேசிய ஓய்வூதியத் திட்டம்; பணம் அவரவர் கணக்கில் இருக்கும், ராஜினாமா செய்தாலும் எங்கும் போகாது. "ஃபிரெண்ட் வேலையை விட்டான், ஒன்றும் ஆகவில்லையே" என்று இளைய அதிகாரிகள் சொல்வது இதனால்தான். அவர்கள் பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். சேர்ந்த தேதியை ஆவணத்தில் பாருங்கள்.

இப்போது உங்களுக்குத் தேவை சிக் லீவு. அதிகாரிகளுக்கு வருடத்துக்கு 30 நாள், அரைச் சம்பளத்தில் உண்டு. ஒரு நாளுக்கு இரண்டு நாள் என்று லீவு கணக்கில் கழித்துக்கொண்டால், முழுச் சம்பளமும் வாங்கலாம். மருத்துவரிடம் தயங்காமல் போங்கள். நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது 2017 மனநலச் சட்டம். இரவில் தாங்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம்.

ஒன்றே ஒன்று: சர்டிஃபிகேட் புரோக்கரிடம் மட்டும் போகாதீர்கள். முன்தேதி போட்டு, டாக்டரையே பார்க்காமல் வாங்கித் தருவார்கள். வங்கி விசாரித்தால் சார்ஜ் ஷீட் உங்களுக்குத்தான், அவருக்கில்லை. பணம் கொடுத்தால் டிரான்ஸ்ஃபர் என்பவரும் அதே ரகம்.

கட்டாயப்படுத்தி இன்சூரன்ஸ் விற்காதே என்று மேலிடம் கடிதம் அனுப்பும், சாயங்காலம் "இன்றைக்கு எத்தனை பாலிசி?" என்று மண்டல அலுவலகம் கேட்கும். இதில் மாதம் ஒரு யோகா வகுப்பு வேறு! வாய்மொழியாக வரும் டார்கெட் மிரட்டலுக்கு, "நீங்கள் போனில் சொன்னபடி" என்று தொடங்கி ஒரு மெயில் போடுங்கள். பாதி மிரட்டல் அங்கேயே நின்றுவிடும்.

ஏற்கெனவே ராஜினாமாவை அனுப்பியிருந்தால், ஏற்றுக்கொள்வதற்குள் வாபஸ் வாங்கலாம். எழுத்தில், இன்றே.