இயற்கையோடு ஆன்மிகமான ஒரு தொடர்பை எப்போதாவது உணர்ந்திருக்கிறீர்களா? எப்படி?

மலையுச்சியில் சூரியோதயம் பார்த்தும், கடற்கரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தும் எனக்கு ஒன்றும் நடந்ததில்லை. கால் விறைத்ததுதான் மிச்சம். நடந்தது வீட்டுப் பின்வளவில், ஒரு மார்ச் மாத இரவில், கருகிப்போன சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது.

இருப்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே. வீடு வாங்கும்போதே பின்வளவில் இரண்டு பெரிய மேப்பிள் மரங்கள் நின்றன. ஐந்து வருஷமாக அவற்றை இலை கூட்டும் வேலையாக மட்டும்தான் தெரியும். பக்கத்து வீட்டுப் பெரியவர் பண்ணையில் வளர்ந்தவர். ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதில் பாகு எடுக்கலாமே, ஏன் சும்மா விட்டிருக்கிறாய்?" என்று கேட்டார். அப்புறம் அவரே வந்து கிளை நுனிகளைக் காட்டினார். ஒரு மரத்தின் மொட்டு கபில நிறத்தில் பென்சில் முனை போலக் கூராக இருந்தது. அது சர்க்கரை மேப்பிள். மற்றதின் மொட்டு தடித்துச் சிவந்து கிடந்தது. அது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து தெருவெல்லாம் நட்ட நோர்வே மேப்பிள். அதிலும் எடுக்கலாம், ஆனால் இனிப்புக் குறைவு என்றார். ஐந்து வருஷம் ஒரே சாதி என்று நினைத்திருந்த இரண்டும் வேறு வேறு மரங்கள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பாகுக்காக மரத்தில் துளையிட்டு நீர் எடுக்கும் பருவம் வருவது குளிர்காலம் முடிகிற நேரம். நம் கணக்கில் மாசிக் கடைசியும் பங்குனியும். இரவில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போக வேண்டும், பகலில் மேலே ஏற வேண்டும். இரவு உறையும்போது மரநார்களுக்குள் இருக்கும் காற்று சுருங்க, மரம் வேர்வழியாக நீரை இழுத்துக்கொள்கிறது. பகலில் உருகும்போது அந்தக் காற்று விரிந்து நீரை வெளியே தள்ளுகிறது. இரவும் பகலும் குளிராகவே இருந்தால் ஒரு சொட்டும் வராது. சூடாகவே இருந்தாலும் சில நாளில் நின்றுவிடும். நான் காலையில் எழுந்ததும் போனில் செய்தி பார்க்கிறவன். அந்த மாதம் முழுக்க வெப்பமானியைத்தான் பார்த்தேன்.

துளை ஐந்து சென்றிமீற்றர் ஆழம்கூட இல்லை, சுண்டுவிரல் தடிப்பு. ட்ரில் மெஷினை வெளியே எடுத்தபோது வெளிறிய ஈர மரத்தூள் வந்தது. அதன் பின்னாலேயே, நான் குழாயை எடுக்கக் குனிவதற்குள், நீர் பட்டையில் வழிய ஆரம்பித்துவிட்டது. விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர்தான். விழுங்கிய பிறகுதான் எங்கோ ஓர் இனிப்பு தெரிந்தது. வெறும் வாளியில் துளி விழும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது: டொக்... டொக்.

அம்மா ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றா. "எங்கட ஊரில பனையில ஏறி முட்டி கட்டுவினம். நீ நிலத்தில நிண்டு மரத்தின்ர வயித்தில ஓட்டை போடுறாய்" என்றா. அவவின் ஊரில் கள் இறக்கும் சீவல் தொழில் செய்த ஒருவர் பனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவாராம். நான் சிரித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.

ஒரு வாரத்தில் இரண்டு வாளியிலும் சேர்ந்து இருபது லீட்டர் வந்தது. சர்க்கரை மேப்பிள் நீரில் இனிப்பு கிட்டத்தட்ட 2 சதவீதம்தான். 40 லீட்டரை வற்றக் காய்ச்சினால் 1 லீட்டர் பாகு. அதாவது எனக்கு அரை லீட்டர், அதுவும் கிடைத்தால். வெளியே அடுப்பு மூட்டச் சொல்லிப் பெரியவர் சொல்லியிருந்தார். குளிருக்குப் பயந்து சமையலறையிலேயே வைத்தேன். பத்தொன்பது லீட்டர் நீராவி ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. சுவரெல்லாம் வழிந்தது, அலுமாரிக் கதவுகள் ஊதிப்போயின. நள்ளிரவு நெருங்கும்போது சட்டியில் பொன்னிறமாக ஒரு விரல் உயரம் நின்றது. நீரின் கொதிநிலைக்கு மேல் இன்னும் நான்கு பாகை செல்சியஸ் ஏறினால் பாகு பதம், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பத்து நிமிஷம் கதைத்திருப்பேன். புகை அலாரம் கூப்பிட்டபோது சட்டிக்குள் கரி.

சட்டியை வெளியே கொண்டுபோய் ஸ்நோவுக்குள் வைத்தேன், சீறியது. எதிரே மரம். குழாயின் நுனியில் கடைசித் துளி உறைந்து தொங்கியது. அன்று மாலை இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று வாசித்திருந்தேன். அதிலுள்ள இனிப்பு போன கோடையில் இலைகள் செய்து மாப்பொருளாகச் சேர்த்துவைத்தது. மரம் இப்போது அதைச் சர்க்கரையாக்கி மேலே அனுப்புவது இந்த வசந்தத்தில் வரப்போகும் இலைகளுக்காக. இன்னும் பிறக்காத இலைகளின் சாப்பாட்டை எடுத்துத்தான் நான் கருக்கியிருக்கிறேன். மைனஸ் ஐந்தில், யாரும் பார்க்கிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மரத்தில் கை வைத்து "மன்னிச்சுக்கொள்" என்றேன். தமிழில்தான். தொண்டை அடைத்துக்கொண்டது. கோயிலில் எனக்கு அப்படி ஆனதில்லை. அது என்ன என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது; அமைதி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கடன்பட்டவனுக்கு வருகிற உணர்வு என்றால் கொஞ்சம் பொருந்தும்.

இந்த மண்ணின் அனிஷினாபே மக்கள் பற்றி அதற்குப் பிறகுதான் தேடி வாசித்தேன். இந்தப் பருவத்து நிலவுக்கு அவர்கள் வைத்த பெயரே சர்க்கரை காய்ச்சும் நிலா. மரத்தில் துளையிடுவதற்கு முன் அடியில் கொஞ்சம் புகையிலை வைத்து நன்றி சொல்வது அவர்களின் வழக்கம். ஒரு கதையும் உண்டு. ஆதியில் மேப்பிளிலிருந்து பாகாகவே வழிந்ததாம். மனிதர் வேட்டையை, தோட்டத்தை எல்லாம் மறந்து மரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு படுத்துக் கிடந்தார்களாம். அதைக் கண்ட நானபோஸோ, அவர்களின் பழங்கதைகளில் வரும் நாயகர், மரத்துக்குள் தண்ணீரை ஊற்றி நீர்க்கச் செய்துவிட்டாராம். அதனால்தான் இத்தனை நேரம் காய்ச்ச வேண்டியிருக்கிறது. கரிச்சட்டியைத் தேய்த்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்தக் கதையின் நியாயம் நன்றாகவே விளங்கியது.

இப்போது வெளியே கல் அடுக்கி, விறகு வைத்துக் காய்ச்சுகிறேன். போன் வீட்டுக்குள் இருக்கும். புகையிலை எங்கள் வழக்கம் இல்லை, அவர்களுடையதை எடுத்து நாடகம் போடவும் மனம் வரவில்லை. முதல் நாள் முதல் கிண்ணத்தை வேரடியில் ஊற்றிவிடுகிறேன். அது மரத்துக்குப் போய்ச் சேருவதில்லை, ஸ்நோவின் மேலேயே உறைந்துவிடும். அணில் வந்து நக்கும். சரி, அதற்கும் பங்கு இருக்கட்டும். மொட்டு உப்பத் தொடங்கியதும் நீரின் சுவை கெட்டுவிடும். அன்றைக்கே குழாயைக் கழற்றிவிடுவேன்.

இன்னொன்று. நம் தோலைப் போல மரத்தில் காயம் ஆறுவதில்லை. துளையைச் சுற்றி உள்ளே சுவர் எழுப்பி, அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு, வெளியே புதுப் பட்டையால் மூடிக்கொள்கிறது. உள்ளே அந்த இடம் இனி நீர் கடத்தாது. அதனால் ஒவ்வொரு வருஷமும் தள்ளித் தள்ளித்தான் துளைக்க வேண்டும். என் சர்க்கரை மேப்பிளில் இப்போது நான்கு அடையாளங்கள். போன கோடையில் அம்மா தடியை ஊன்றிக்கொண்டு மரத்தடிக்குப் போய் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தா.

"முதலாவது மூடிட்டுது" என்றா. பிறகு கடைசித் துளையில் விரலை வைத்தபடியே, "இது இன்னும் இல்லை."