குவாண்டநாமோவுக்கு வாடகை 4,085 டாலர்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க விரிவாக்கம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: அமெரிக்காவை ஏகாதிபத்திய நாடு என்கிறோம். ஆனால் பிரிட்டனுக்கு இருந்ததுபோல் அதற்குப் பெரிய காலனிகள் இல்லையே? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

பிலிப்பைன்ஸ் பெரிய காலனிதான். மற்றபடி நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. 1890களில் வாஷிங்டன் தேடியது நிலத்தைவிடத் துறைமுகத்தை. காரணம் நிலக்கரி. பாய்மரக் கப்பலுக்குக் காற்று இலவசம்; நீராவிப் போர்க்கப்பலோ கரி தீர்ந்தால் வெறும் மிதக்கும் இரும்பு. போர்க்காலத்தில் நடுநிலை நாடுகள் தங்கள் துறைமுகத்தில் தங்கவும் விடமாட்டார்கள். 1898 ஏப்ரலில் ஹாங்காங்கில் நின்ற அமெரிக்கக் கடற்படைத் தளபதி டூயிக்கு அதுதான் நடந்தது. ஸ்பெயினுடன் போர் என்றதும் பிரிட்டன் அவரை வெளியேறச் சொல்லிவிட்டது. முன்யோசனையாக நான்ஷான், ஸாஃபிரோ என்ற இரண்டு சரக்குக் கப்பல்களை விலைக்கு வாங்கிக் கரியும் சாமானும் ஏற்றி வைத்திருந்ததால், மே 1 அன்று மணிலா விரிகுடாவில் அவரால் சண்டை போட முடிந்தது.

அந்தப் பாடம் என்ன செய்தது என்பதை வரைபடத்தில் விரல் வைத்தே பார்க்கலாம்: சான் ஃபிரான்சிஸ்கோ, ஹொனலூலு, குவாம், மணிலா. நடுவில் உள்ள இரண்டும் 1898இலேயே அமெரிக்கா கைக்கு வந்தன. குவாமில் இருந்த ஸ்பானிய அதிகாரிகளுக்குப் போர் தொடங்கிய செய்தியே எட்டவில்லை. அமெரிக்கக் கப்பல் சுட்டதை மரியாதை வேட்டு என்று நினைத்து, பதில் வேட்டுக்குக் கோட்டையில் மருந்து இல்லை என்று வருத்தம் தெரிவிக்க வந்தார்கள்.

கேள்வி: பறவை எச்சத்துக்காகத் தீவுகளைப் பிடித்தார்களாமே, நிஜமா? (வாசகர், தூத்துக்குடி)

நிஜம். 1856இன் குவானோ தீவுகள் சட்டம். அப்போது பெருவிலிருந்து வந்த கடற்பறவை எச்சம்தான் முதல்தர உரம், விலையும் அதிகம். வேறு அரசின் ஆட்சியில் இல்லாத, வேறு நாட்டவர் குடியிருக்காத தீவில் ஓர் அமெரிக்கக் குடிமகன் எச்சப் படிவைக் கண்டு அமைதியாக வசப்படுத்தினால், குடியரசுத் தலைவர் விரும்பினால் அதை அமெரிக்காவைச் சேர்ந்ததாகக் கருதலாம். எச்சம் தீர்ந்தபின் தீவை வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் சட்டம் சொன்னது. ஆனாலும் பேக்கர், ஹௌலண்ட், ஜார்விஸ் தீவுகள் இன்றும் அவர்களிடமே இருக்கின்றன.

கேள்வி: ஹவாய் தனி நாடாக இருந்ததே, எந்த ஒப்பந்தத்தின்படி சேர்த்தார்கள்? (ஆசிரியர், கரூர்)

ஒப்பந்தமே இல்லை. கதை சர்க்கரையில் தொடங்குகிறது. 1875 உடன்பாட்டால் ஹவாய் சர்க்கரை அமெரிக்காவுக்குள் வரியின்றிப் போனது. அதைப் புதுப்பித்த 1887இல் முத்துத் துறைமுகத்தின் (பேர்ல் ஹார்பர்) தனி உரிமை அமெரிக்கக் கடற்படைக்குக் கிடைத்தது. 1890இன் அமெரிக்கச் சட்டம் எல்லா நாட்டுக் கச்சா சர்க்கரைக்கும் வரியை நீக்கிவிட்டு, உள்நாட்டுச் சர்க்கரைக்கு மட்டும் பவுண்டுக்கு 2 சென்ட் மானியம் கொடுத்தது. ஹவாய்த் தோட்ட முதலாளிகளின் லாபம் சரிந்தது. மானியம் வேண்டுமானால் 'உள்நாடு' ஆகவேண்டும். 1893 ஜனவரியில் அரசி லிலியுஓகலானியை ஒரு சிறு குழு கவிழ்த்தபோது, அமெரிக்கக் கப்பலிலிருந்து 162 படையினர் கரையில் இறங்கி நின்றார்கள். அவர்கள் சுடவில்லை, சுட வேண்டிய அவசியமும் வரவில்லை.

பிறகுதான் சிக்கல். ஒப்பந்தம் என்றால் அமெரிக்க மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 1897இல் 21,000க்கும் அதிகமான ஹவாய் மக்கள் கையெழுத்திட்ட எதிர்ப்பு மனு வாஷிங்டன் போனது. செனட்டில் வேண்டிய வாக்கு சேரவில்லை. 1898 போரைக் காட்டி, இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற கூட்டுத் தீர்மானமாக மாற்றிக்கொண்டார்கள். ஜூலை 7 அன்று கையெழுத்தானது. அரசியைக் கவிழ்த்ததற்காக 1993இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மன்னிப்புக் கேட்டது. அந்தத் தீர்மானத்தின் கடைசி வரியையும் படிக்க வேண்டும்: எந்த உரிமைக் கோரிக்கைக்கும் இது தீர்வாகாது.

கேள்வி: பகை நாடான கியூபாவில் அமெரிக்கத் தளம் எப்படி இருக்கிறது? (வாசகர், சேலம்)

கியூபாவைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று 1898இல் காங்கிரஸ் வாக்குக் கொடுத்திருந்தது. வாக்கை மீறாமலே காரியத்தை முடிக்கும் வழியை 1901இல் படைச் செலவு மசோதாவில் சொருகினார்கள். அதுதான் பிளாட் திருத்தம். மூன்றாவது ஷரத்து, அமெரிக்கா தலையிடலாம் என்றது. ஏழாவது, நிலக்கரி நிலையத்துக்கும் கடற்படைத் தளத்துக்கும் நிலம் தரவேண்டும் என்றது. இதை ஏற்காமல் அமெரிக்கப் படை கியூபாவைவிட்டு வெளியேறாது என்ற நிலையில், கியூப அரசியல் சாசன அவை 16க்கு 11 என்ற வாக்கில் ஏற்றது.

1903 குத்தகைப்படி குவாண்டநாமோவில் 45 சதுர மைலுக்கு வருட வாடகை 2,000 டாலர் தங்கம். 1934இல் பிளாட் திருத்தம் ரத்தாயிற்று, தளம் மட்டும் தங்கிவிட்டது. முடிவுத் தேதி கிடையாது. இரு தரப்பும் சம்மதித்தால் அல்லது அமெரிக்காவே கைவிட்டால்தான் குத்தகை முடியும். இப்போதைய வாடகை 4,085 டாலர், அதாவது சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 35 டாலர். 1959இல் ஒரு காசோலையைப் புதிய அரசு பணமாக்கிவிட்டது. குழப்பத்தில் நடந்த தவறு என்றார் காஸ்ட்ரோ. குத்தகையை ஏற்றதற்கு அதுவே அத்தாட்சி என்றது வாஷிங்டன். அதன்பின் வந்த காசோலைகளை ஹவானா தொடவில்லை.

கேள்வி: கடனுக்காகச் சுங்கச் சாவடியைப் பிடிப்பது எப்படி? (வணிகர், ஈரோடு)

டொமினிக்கன் குடியரசைப் பாருங்கள். அரசின் வருமானத்தில் பெரும்பங்கு துறைமுகச் சுங்கம். கடன் கொடுத்த ஐரோப்பியர்கள் போர்க்கப்பலோடு வந்துவிடுவார்கள் என்று சொல்லி, 1905இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் சுங்கத்தைத் தன் ஆட்கள் கையில் எடுத்தார். வசூலில் 55 சதவீதம் கடன் கொடுத்தவர்களுக்காக நியூயார்க் வங்கிக்கு, 45 சதவீதம் டொமினிக்கன் அரசுக்கு. செனட் முதலில் சம்மதிக்கவில்லை. தற்காலிக ஏற்பாடு என்று இரண்டு வருடம் ஓட்டினார்.

கலகக்காரர்களுக்குச் சாவடிப் பணம் கிடைக்காவிட்டால் கலகம் நின்றுவிடும் என்பது கணக்கு. அது பொய்த்தது. விஷம் 1907 ஒப்பந்தத்தின் மூன்றாவது ஷரத்தில் இருந்தது: கடன் முழுதும் அடையும்வரை அமெரிக்கச் சம்மதமின்றிப் பொதுக்கடனைக் கூட்டக்கூடாது. உள்நாட்டுச் சண்டை நடக்கும் நாட்டில் சம்பளம் பாக்கி வைத்தாலே கடன் கூடிவிடும். 1916இல் அமெரிக்கக் கடற்படை அந்த நாட்டைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தபோது, அறிவிப்பில் காட்டிய காரணம் இதே ஷரத்து மீறப்பட்டது என்பதுதான். படை 1924வரை இருந்தது.

கேள்வி: போர்ட்டோ ரிக்கோ மக்கள் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு வாக்களிக்கலாமா? (வாசகி, மதுரை)

தீவில் இருந்தால் முடியாது. ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தால் முடியும். 1917 முதல் அவர்கள் குடிமக்கள்தான். ஆனால் தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், அமெரிக்காவின் பகுதி அல்ல என்று 1901இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்பளித்தது. வழக்கு ஆரஞ்சுப் பழத்துக்கு விதித்த 659 டாலர் சுங்கவரி பற்றியது.

கேள்வி: பிலிப்பைன்ஸை 2 கோடி டாலருக்கு விற்றது யார்? (வாசகர், புதுச்சேரி)

ஸ்பெயின், 1898 டிசம்பர் பாரிஸ் ஒப்பந்தத்தில். பிலிப்பினோ விடுதலைத் தலைவர் அகினால்டோ ஜூன் 12 அன்றே விடுதலை அறிவித்துவிட்டார். அவருடைய தூதரைப் பேச்சுக்குச் சேர்க்கவில்லை. 1899 பிப்ரவரியில் தொடங்கிய போரில் 4,200 அமெரிக்கப் படையினரும் 20,000க்கும் அதிகமான பிலிப்பினோ வீரர்களும் இறந்தார்கள். பஞ்சத்திலும் காலராவிலும் போன பொதுமக்கள் 2 லட்சம் என்பது பரவலான மதிப்பீடு.

1946இல் விடுதலை, அடுத்த வருடமே 99 ஆண்டுத் தள ஒப்பந்தம். அந்தக் காலத்தை 1991வரை என்று பின்னர் குறைத்தார்கள். 1991இல் புதுப்பிக்கக் கேட்டபோது மணிலா செனட் 12க்கு 11 என்று மறுத்தது; அடுத்த வருடம் சுபிக் விரிகுடா காலியானது. 2014 உடன்பாட்டில் அமெரிக்கப் படை திரும்ப வந்திருக்கிறது. இப்போது ஒன்பது இடங்கள். அவற்றுக்குத் தளம் என்று பெயர் கிடையாது. 'ஒப்புக்கொண்ட இடங்கள்' என்றே எழுதியிருக்கிறார்கள்.