'வாறன்' என்றே பாடும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

எனக்கு 19 வயது, யாழ்ப்பாணத்தில் கோண்டாவில். ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை எழுதி முடித்துவிட்டு, எழுதி வைத்த ராப்பையெல்லாம் ஃபோனில் பதிந்துகொண்டிருக்கிறேன். இதெல்லாம் காவாலிப் பெடியளின் வேலை என்று அப்பா பேசுகிறார். கூட்டாளிகளோ, யாழ்ப்பாணத் தமிழில் பாடினால் வெளியில் எவனுக்கும் விளங்காது, சென்னைத் தமிழில் பாடு என்கிறார்கள். ஒரு பாட்டு அனுப்பியிருக்கிறேன், கேட்டுச் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். குரல் இருக்கிறது, தாளம் தவறவில்லை. ஆனால் பாதிக்கு மேல் துவக்கும் கேங்கும் சங்கிலியும்தான், அவை உம்முடையவை இல்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு நடுவில், 2022இல் மண்ணெண்ணெய் வரிசையில் கானை வைத்துவிட்டு மதில் நிழலில் காவல் நின்றதை இரண்டு வரியில் சொல்கிறீரே, அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த இடத்தில் உம்முடைய குரலே வேறு, மூச்சும் சரியான இடத்தில் விழுகிறது. அந்த இரண்டு வரியை 16 பார் ஆக்கும், பாருக்கு நாலு தட்டு. 90 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 90 தட்டில், அது 43 செக்கன் கூட இல்லை, ஆனாலும் யார் யார் நின்றார்கள், யாருடைய கான் காணாமல் போனது, எண்ணெய் பவுசர் வராது என்று எத்தனை மணிக்கு வந்து சொன்னார்கள் என்பதெல்லாம் அதற்குள் அடங்கும்.

சரி, தமிழ் விசயத்துக்கு வருவோம். நாங்கள் வாறன், போறன், தாறன் என்கிறோம். சென்னையில் வர்றேன், போறேன், தர்றேன். எங்கள் முடிவு குறில், ஸ்னேர் டிரம்மின் அடியில் டக்கென்று வெட்டி நிற்கும். அவர்களுடையது நெடில், இழுபடும். வேகமாகப் பாடுகிற உமக்கு இதைவிட என்ன வேண்டும்? 'போறேன்' என்று பாடிய இடங்களிலெல்லாம் அடுத்த சொல்லைப் பிடிக்க ஓடுகிறீர், கேட்டுப் பாரும். விளங்காது என்ற பயமும் வேண்டாம். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி பூட்டிக் கிடந்த 2006இல், ஊரடங்குக்குள் இருந்துகொண்டு, மலேசியாவின் ராப் பாடகர் யோகி பியையும் கொழும்பின் ராப் பாடகர் கிரிஷான் மகேசனையும்தான் நாங்கள் கேட்டோம். அவர்கள் எங்களைப் போலக் கதைப்பவர்கள் இல்லை, ஆனாலும் வரிக்கு வரி பாடமாக்கினோம்.

அப்பா விசயம். வாள்வெட்டுச் செய்திகளை வாசித்து வாசித்துப் பயந்துபோன தகப்பன், மகன் துவக்கைப் பற்றிப் பாடினால் பேசத்தான் செய்வார், அதில் நான் அவர் பக்கம். மண்ணெண்ணெய் வரிகளைப் போட்டுக் காட்டும். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை அது. கேட்டால் கதை கதையாகச் சொல்லுவார், அதுவும் உமக்குப் பாட்டுத்தான். 1973 ஆகஸ்ட் 11இல் நியூயோர்க்கின் பிராங்க்ஸில், சகோதரி வைத்த பார்ட்டியில் இசைத்தட்டின் தாளத் துண்டை நீட்டி நீட்டிப் போட்டு, ராப் பிறந்த ஹிப்ஹாப்பையே தொடக்கி வைத்தவர் எனப்படும் டீஜே கூல் ஹெர்க்குக்கும் அப்போது 18 வயதுதான், ஜமைக்காவில் இருந்து வந்து குடியேறிய பெடியன்.

ஸ்டூடியோவுக்கு இப்போது காசு கட்ட வேண்டாம். அலுமாரியைத் திறந்து உடுப்புகளுக்கு நடுவில் ஃபோனை வைத்துப் பதியும், எதிரொலி குறையும். ஃபேனை நிற்பாட்டும், உம்முடைய பதிவில் அதன் சத்தம் நன்றாகவே கேட்கிறது. புது 16 பாரை பீட் இல்லாமல் வெறும் குரலாக அனுப்பும், எங்கே மூச்சு எடுக்கிறீர் என்று நான் கேட்க வேண்டும்.