சி7-இல் ஒரு கண்: செஸ் கேள்வி-பதில்

கேள்வி: எதிராளியின் குதிரை என் ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் தாக்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஏமாந்துபோகிறேன். முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி?

பதில்: இதற்குப் பெயர் ஃபோர்க். வெள்ளைக் கட்டத்தில் நிற்கும் குதிரை கறுப்புக் கட்டங்களைத்தான் தாக்கும். கறுப்பில் நின்றால் வெள்ளையை. ஆகவே குதிரையின் ஃபோர்க்கில் மாட்டும் காய்கள் எல்லாம் ஒரே நிறக் கட்டத்தில்தான் இருக்கும். கட்டங்களின் பெயரில் எழுத்து (ஏ முதல் எச் வரை) வெள்ளையின் இடப்பக்கமிருந்து எண்ணும் நெடுவரிசை, எண் வெள்ளையின் பக்கமிருந்து எண்ணும் கிடைவரிசை. நீங்கள் கறுப்புக் காய்களை ஆடும்போது ராஜா இ8-இல், யானை ஏ8-இல். இரண்டும் வெள்ளைக் கட்டங்கள். எதிராளியின் குதிரை சி7-க்கு வந்தால் ராஜாவுக்குச் செக், யானைக்கு வெட்டு.

ஆட்டத் தொடக்கத்தில் சி7-க்குக் காவல் டி8-இல் நிற்கும் உங்கள் ராணிதான். ஆசையாக ராணியை வெளியே கொண்டுபோனதும் அந்தக் காவல் போய்விடுகிறது. எதிராளியின் குதிரை பி5-க்கோ டி5-க்கோ வந்தால் வேறு எதையும் யோசிக்காமல் முதலில் சி7-ஐப் பாருங்கள்.

கேள்வி: பின்னுக்கும் ஸ்கீவருக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: இரண்டிலும் ஒரே கோட்டில் நிற்கும் இரண்டு காய்களை எதிராளியின் ஒரு காய் தாக்குகிறது. வித்தியாசம் வரிசை மட்டும்தான். முன்னால் சின்னக் காய், பின்னால் பெரிய காய் என்றால் பின். முன்னால் பெரிய காய் நின்று, அது விலகியதும் பின்னால் இருப்பது வெட்டுப்பட்டால் ஸ்கீவர்.

கேள்வி: பின்னில் மாட்டிய காய் நகரவே கூடாதா?

பதில்: பின்னால் ராஜா இருந்தால் தாக்கும் கோட்டை விட்டு விலகவே முடியாது, விதியே தடுக்கிறது. பின்னால் ராணி இருந்தால் நகரலாம். இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஆடிய லெகால் பெயரால் ஒரு மேட் (செக்மேட், அதாவது செக்கில் இருக்கும் ராஜாவுக்குத் தப்ப வழியில்லாத முடிவு) உண்டு. பலகையை எடுத்து வைத்து ஆடிப் பாருங்கள்.

வெள்ளை சிப்பாய் இ4, கறுப்பு சிப்பாய் இ5. குதிரை எஃப்3, சிப்பாய் டி6. பிஷப் சி4, பிஷப் ஜி4. குதிரை சி3, சிப்பாய் ஜி6. ஜி4 பிஷப் தாக்கும் எஃப்3 குதிரைக்குப் பின்னால் டி1-இல் ராணி, அதனால் அது நகராது என்று கறுப்பு நம்புகிறார். வெள்ளை அதே குதிரையால் இ5 சிப்பாயை வெட்டுகிறார்! கறுப்பு பிஷப் ராணியை வெட்டினால், வெள்ளை பிஷப் எஃப்7-ஐ வெட்டிச் செக். ராஜாவுக்கு இ7 மட்டுமே வழி. சி3 குதிரை டி5-க்கு வந்தால் செக்மேட்.

சரி, கறுப்பு ராணியைத் தொடாமல் டி6 சிப்பாயால் குதிரையை வெட்டினால்? வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை வெட்டும். ஒரு சிப்பாய் லாபம்.

கேள்வி: என் மகளிடம் ராணி இருந்தது, எதிராளியிடம் ராஜா மட்டும். ஆனாலும் ஆட்டம் டிரா. ஏன்?

பதில்: ஸ்டேல்மேட். செக் இல்லை, நகரவும் இடமில்லை என்றால் ஆளுக்கு அரைப் புள்ளி. எதிராளி ராஜா மூலையில் இருக்கும்போது, அதிலிருந்து குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை வைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள். ராஜா ஏ8 என்றால் ராணிக்கு ஆகாத கட்டங்கள் பி6, சி7.

கேள்வி: என் சிப்பாயை எதிராளி பக்கத்துக் கட்டத்திலிருந்து வெட்டினார். அது சரியா?

பதில்: சரிதான், அது ஆன்பாஸான். உங்கள் சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டி அவருடைய சிப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றால், ஒரு கட்டமே நகர்ந்தது போலக் கருதி வெட்டலாம். உடனே அடுத்த நகர்த்தலில் மட்டும்.