சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்க்கலாமா? கேள்வி பதில்

விண்டோஸ், உபுண்டு (லினக்ஸ் வகை) ஆகிய இயங்குதளங்களின் முழுதாக வெளிவராத பதிப்புகளைச் சோதிப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, என்கிட்ட இருப்பது ஒரே லேப்டாப். விண்டோஸ் 11 சோதனைப் பதிப்பு போட ஆசை. போடலாமா? (கல்லூரி மாணவர், பெரம்பூர்)

அதில் நேரடியாக வேண்டாம் தம்பி. முதலில் விர்ச்சுவல் பாக்ஸில் போட்டுப் பாருங்கள். அது உங்கள் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டிக் காட்டும் மென்பொருள். விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் கேட்கும். லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி, 8 ஜிபி என்றால் திணறும். ஆனால் வைஃபை, பிரிண்டர், பேட்டரி, ஸ்லீப் இதெல்லாம் விர்ச்சுவல் மெஷினில் சரியாகத் தெரியாது. அவற்றைப் பார்க்க ரிச்சி தெருவில் ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி, பழைய எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிட்டு இதை மாட்டிப் போடுங்கள். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த இன்ஸ்டாலரும் அழிக்க முடியாது.

மேடம், எங்கள் ஆபீஸ் கணினியில் போடலாமா? டேலியும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அதில்தான். (ஆடிட்டர் அலுவலகம், தி.நகர்)

வேண்டவே வேண்டாம். டோக்கனின் டிரைவர் ஒத்துழைக்காவிட்டால் கடைசித் தேதியன்று ரிட்டர்ன் போட முடியாது.

கேனரி, பீட்டா என்று நிறையப் பெயர்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? (வேளச்சேரி)

விண்டோஸின் சோதனைப் பதிப்புகளைத் தரும் மைக்ரோசாஃப்ட்டின் இன்சைடர் திட்டம் 2014இல் தொடங்கியது. 2023இல் அதில் கேனரி வந்தது. மிக ஆரம்ப நிலை வேலைகள் அதில் வரும். அதிலிருந்து வெளியேற விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும். அதனால் புதியவர்கள் பீட்டா பக்கமே இருங்கள். உபுண்டு இன்னும் சுலபம். ஏப்ரல், அக்டோபர் வெளியீடுகளுக்குச் சில வாரம் முன்பு பீட்டா வரும். அதைப் போட்டு அப்டேட் செய்துகொண்டே வந்தால் இறுதிப் பதிப்பில் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்.

இன்னொன்று, இன்சைடரில் சேர்ந்தால் கூடுதல் பயன்பாட்டுத் தகவல்களை மைக்ரோசாஃப்ட்டுக்கு அனுப்ப ஒப்புக்கொள்ள வேண்டும். ஆதார், பேங்க் காகிதங்களை அந்தக் கணினியில் வைக்காதீர்கள்.

நான் ஒருத்தி பிழை சொல்லி என்ன மாறப்போகிறது? (அண்ணா நகர்)

2018 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. சிலருடைய டாக்குமென்ட்ஸ், படங்கள் எல்லாம் அழிந்துபோயின. மைக்ரோசாஃப்ட் சில நாட்களில் அதை நிறுத்திவிட்டு, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. இதே பிழையைச் சோதனையாளர்கள் விண்டோஸின் கருத்துப் பெட்டியில் (Feedback Hub) முன்பே எழுதியிருந்தார்கள். ஆனால் அதை ஆமோதித்து ஓட்டுப் போட்டவர்கள் குறைவு, குவியலில் அது கண்ணில் படவில்லை. அதன் பிறகுதான் பிழை எவ்வளவு தீவிரம் என்று குறிக்கும் வசதியைக் கருத்துப் பெட்டியில் சேர்த்தார்கள்.

அதனால் முதலில் தேடுங்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் அதற்கே ஓட்டுப் போடுங்கள். இல்லையென்றால் ஒரு பிழைக்கு ஒரு அறிக்கை. பில்ட் எண் (நீங்கள் போட்ட பதிப்பின் அடையாள எண்), என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, ஒவ்வொரு முறையும் நடக்கிறதா, அவ்வளவு போதும். ‘சரியாக வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் அதை வைத்து யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. எழுத வேண்டியதை எழுதாவிட்டால் சோதித்தது முழுக்க வீண் என்றே நான் நினைக்கிறேன்.

அம்மா, எனக்கு டெக்னிகலாக ஒன்றும் தெரியாது. என்னால் எதைச் சோதிக்க முடியும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்)

தமிழை, ஐயா. மற்ற நாட்டுச் சோதனையாளர்கள் யாரும் அதைத் தொடப்போவதில்லை. தமிழ்99 விசைப்பலகையில் நாலு பக்கம் தட்டச்சு செய்யுங்கள். ‘கோ’ எழுதி பேக்ஸ்பேஸ் அழுத்தினால் குறி மட்டும் போகிறதா, எழுத்தே போகிறதா? முந்தைய பதிப்பில் எப்படி இருந்தது? ஒரு ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்து, ஜிப் செய்து, பிரித்துப் பாருங்கள். பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை காப்பி செய்து ஒட்டுங்கள்.

முக்கியமாகத் தேடலைப் பாருங்கள். கணினியில் எழுத்துகளைக் குறியீடுகளாகச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ‘கொ’வின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நல்ல தேடல் இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்ரீயிலும் இதே சிக்கல் உண்டு. அது ‘ஸ’வில் தொடங்குவதும் உண்டு, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்குவதும் உண்டு. உங்களைப் போல் தமிழை நன்றாகப் படித்தவர் கண்ணுக்குத்தான் இவை சட்டென்று தட்டுப்படும். தயவுசெய்து செய்யுங்கள்.

இன்ஸ்டால் ஆகும்போது கரண்ட் போனால்? (தாம்பரம்)

லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்த பிறகு தொடங்குங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் கூடாது.

பிடிக்கவில்லையென்றால் பழையதற்குத் திரும்பலாமா? (போரூர்)

விண்டோஸில் மேலேயே அப்டேட் செய்திருந்தால், வழக்கமாக 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கம் போய்த் திரும்பலாம். அதற்கு மேல் பெண்டிரைவிலிருந்து புதிதாகப் போட வேண்டியதுதான். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்பே காகிதத்தில் எழுதி வையுங்கள். பெண்டிரைவும் முதலிலேயே தயாராக இருக்கட்டும், அதிலிருந்து பூட் ஆகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.